துணியா, ரெக்ஸினா

எங்கள் லைனில் யாராவது இறந்துபோனால், அந்தச் செய்தி போனில் வருவதற்கு முன்பே வேலிக்கம்பியில் வந்து தொங்கும். மெரூன் நிறத்தில் ஒரு ரெக்ஸின் உறை. வேனின் பின் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. தலை சாய்க்கும் இடத்தில் மாட்ட இரண்டு வார்கள், சீட்டுக்கு அடியில் இழுத்துக் கொக்கி போட எலாஸ்டிக் பட்டை, வேண்டாதபோது பாய் மாதிரி சுருட்டிக் கட்ட ஒரு நாடா. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதைப் பொதுக் குழாயடியில் விரித்துப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். கழுவி முடித்து வேலியில் போட்டதும் அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும். குடத்தோடு வந்த பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, எந்த வீட்டு வாசலில் அழுகை கிளம்பப்போகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். இப்போதும் ஈர ரெக்ஸின் வாடை எங்காவது வந்தால் என் கை தானாகக் கைப்பைக்குள் போய் போனைத் தேடுகிறது.

எங்கள் வீடு ஊரிகத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், தகரக்கூரை போட்ட லைன் வீடுகளில் ஒன்று. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அடுத்த வரிசையில். பெண்ணைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா பிடித்த பிடிவாதத்தால் நடந்த கல்யாணம் அது. அக்கா வீட்டில் குழம்பு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அப்பா மைன்ஸில், தங்கச் சுரங்கத்தில், டிரில் மிஷின் பிடித்தவர். மாமா மைன்ஸுக்குள் இறங்கியதே இல்லை. அவருக்கு வேலைக்குப் போகிற வயது வந்தபோது மைன்ஸ் மூடிக்கிடந்தது. ஒரு பழைய வேனை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார், இடையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். இந்த மூன்றாவது வகைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. பாறையைத் துளைத்த தூசி நெஞ்சில் தங்கிவிட்ட மனிதர் ஒருவராவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தார். கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றால் கோலாருக்கோ பெங்களூருக்கோதான் ஓடவேண்டும்.

வேனுக்கு முதலில் வந்தது துணி உறைதான். காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூள் கண்ணாடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சீட்டில் வந்து படிந்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டு ஏறிய பிள்ளைகள் பழுப்பு முதுகோடு இறங்கினார்கள். அக்கா ஒரு பச்சைக் கோடு போட்ட படுக்கை விரிப்பை வெட்டி, எலாஸ்டிக் வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி உறை தைத்துக் கொடுத்தாள். பிறகு நோயாளிகளை ஏற்ற ஆரம்பித்ததும் துணி தாங்கவில்லை. மலைப்பாதை இல்லாவிட்டாலும் எங்கள் சாலைகளின் குழிகள் ஆரோக்கியமானவனையே வாந்தியெடுக்க வைக்கும்; இருமலில் இரத்தம் கக்குகிறவர்களைப் பற்றிச் சொல்லவேண்டாம். ஆண்டர்சன்பேட்டையில் ஸ்கூட்டர் சீட் தைக்கிற குஷன் கடையில் சொல்லி மாமா ரெக்ஸின் உறையைச் செய்துகொண்டு வந்தார். அன்று முதல் வண்டியில் இரண்டு உறைகள் இருந்தன. நடந்து வந்து ஏறுகிறவர்களுக்குத் துணி. தூக்கிவந்து ஏற்றுகிறவர்களுக்கும் குமட்டுகிறவர்களுக்கும் ரெக்ஸின்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போகிற டிரைவராக அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது. நோயாளியோடு ரெக்ஸினும் இறங்கும். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்பு நாற்காலிகள் ஜில்லென்று கிடக்கும். புடவையிலோ வேட்டியிலோ கறையோடு யாராவது உட்காரப்போனால் துடைக்கிற ஆயா "இல்லி கூத்கோபேடி" என்று, இங்கே உட்காராதே என்று கன்னடத்தில் விரட்டுவாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவர் எங்கே போவார்? மாமா அந்த நாற்காலிகள் மேல் ரெக்ஸினைப் பரப்பி, "இப்ப ஒக்காரலாமா?" என்று ஆயாவைப் பார்த்துக் கன்னடத்திலேயே கேட்பார். அவளும் வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். டாக்டர் கூப்பிடும்வரை அந்த உறையில்தான் எங்கள் ஊர் ஆட்கள் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியை உள்ளே படுக்கவைத்ததும் மாமா உறையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவார்.

வினை அங்கேதான் இருந்தது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பெரியவர் ஒருவர், மைன்ஸில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர், ரெக்ஸினில் உட்கார்ந்து போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போய்விட்டார். அவரைக் கொண்டுவர வேறு வண்டி ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால் மாமாவின் வேன் லைனுக்குள் நுழைந்தது. பின்னால் யாரும் இல்லை. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், ஆள் உட்கார்ந்த மாதிரி சுருட்டிய ரெக்ஸின் நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்ற அவருடைய மனைவி அதைப் பார்த்த மாத்திரத்தில் கீழே உட்கார்ந்துவிட்டார். மாமா இறங்கிவந்து சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ இன்னொருவர் அதே மாதிரி. பிறகு இன்னொருவர். நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பனிக்குடம் உடைந்து அதே ரெக்ஸினில் போய், கையில் ஆண் குழந்தையோடு திரும்பி வந்தாள். அதற்கு லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றார்களே தவிர, அந்தப் பெண் எதன்மேல் உட்கார்ந்து போனாள் என்பதை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த மக்களை மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். ஏனென்றால் அவர்கள் வளர்ந்த விதம் அப்படி. மைன்ஸ் ஓடிய காலத்தில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். அந்த நேரம் இல்லாமல் வேறு நேரத்தில் ஊதினால் கீழே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பெண்களும் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அலமாரியில் பாத்திரம் குலுங்கினால் எந்த லெவலில், எவ்வளவு ஆழத்தில் வெடித்தது என்று ஊகிப்பார்கள். ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு மேலே வரும் வேகத்தைப் பார்த்து, உள்ளே இருப்பவன் காயப்பட்டவனா பிணமா என்று சொல்கிற கிழவர்களை நானே பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கெட்ட செய்தியை ஏதாவது ஒரு சத்தத்தில், ஒரு அசைவில் படித்துப் பழகியவர்கள். மைன்ஸ் மூடியதோடு சங்கும் நின்றுபோயிற்று. ஆனால் நெஞ்சுக்குள் போன தூசி நிற்கவில்லை. சாவு ஒவ்வொன்றாக வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னறிவிப்புத் தர ஏதோ ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. மாமாவின் ரெக்ஸின் வசமாக வந்து மாட்டிக்கொண்டது.

நான் அப்போது பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். விடியுமுன் ரயில் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வருகிற பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஊரைக் கண்ணால் பார்ப்பேன். அந்த ஒருநாளில் குழாயடியில் போய் எல்லாரிடமும் வாதாடுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கைப்பிடி மாத்திரையை வைத்துக்கொண்டு மொத்தச் சரக்கும் கெட்டது என்று சொன்னால் எங்கள் மேலதிகாரி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவர்களோ நாலைந்து சாவை வைத்துக்கொண்டு ஒரு சீட் கவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டம்மாவிடம் ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். "ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் ரெக்ஸின் போடுறாரு. ரொம்ப முடியாதவங்கதான சாவாங்க?" அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார். "அதத்தாம்மா நாங்களும் சொல்லிக்கினு கீறோம்." அதற்குமேல் என் படிப்பு எங்கே செல்லும்?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கொஞ்ச நாளில் சிரிக்க முடியாத ஒன்று நடக்க ஆரம்பித்தது. ஜனங்கள் நோயை ஒளிக்கத் தொடங்கினார்கள். வேனைக் கூப்பிடுவதற்கு முன்னால் நோயாளியின் முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, தலை வாரி, கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். வீட்டில் ஒருவர் வரிசையின் முனையிலேயே மாமாவை மடக்கி, "வாந்தியெல்லாம் நின்னு போச்சுப்பா, துணியே போடு" என்று காதோடு சொல்வார். முடியாதவர் தம் பிடித்துக்கொண்டு தன் காலால் நடந்து வருவார், துணிக்குத் தகுதியானவன் என்று காட்ட. இன்று நடக்க முடியவில்லையா, சரி, நாளைக்குத் தெம்பு வரட்டும், நடந்தே போகலாம் என்று தள்ளிப்போடுவார்கள். நாளைக்குத் தெம்பு வராது. அதற்கடுத்த நாள் மூச்சு இழுக்கும். கடைசியில் வேண்டாம் என்று சொல்லக்கூட நா எழாதவர்கள் மட்டுமே ரெக்ஸினில் ஏறினார்கள். அப்படி ஏறியவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்? பயம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயார் பண்ணிக்கொண்டிருந்தது. இதை நான் வீட்டில் சாப்பிடும்போது ஆவேசமாகச் சொல்வேன். அப்பா தேர்தல் கூட்டத்துப் பேச்சைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். யாரையும் கிண்டல் பண்ணாமல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. நெஞ்சில் சளி கர்கர்ரென்று அறுக்கும்போதுகூட, "உள்ள இன்னும் மிஷின் ஓடிக்கினு கீதும்மா, கம்பெனிக்காரன் நிறுத்த மறந்துட்டான்" என்பார். வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. வெற்றிலை போடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. மாமாவின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால், அவர் துப்பிவிட்டு வருகிற இடத்தை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஆடி மாதத்தில், காற்று பேயாய் அடிக்கிற சமயம், திடீரென்று வெற்றிலை போட ஆரம்பித்தார். எங்களுக்கு ஒரே வேடிக்கை. "கெழவனுக்கு மைனர் வேஷம் கேக்குது" என்று அம்மா திட்டிக்கொண்டே வாங்கிவந்து கொடுத்தாள். நான் பெங்களூரிலிருந்து சேலம் வெற்றிலையாகப் பார்த்து வாங்கிவந்தேன். வாயெல்லாம் சிவக்க உட்கார்ந்துகொண்டு, "எப்பிடி, ஷோக்கா கீறனா?" என்று கேட்டார். எச்சில் துப்பத் தனியாக ஒரு டப்பா. அதை யாரையும் தொடவிடாமல் அவரே கழுவுவார். பரவாயில்லையே, இந்த வயதில் இவ்வளவு சுத்தம் என்று அக்காகூட மெச்சினாள்.

மாமாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அப்பாவை மாதாந்திர மருந்துக்காகக் கோலாருக்குக் கூட்டிப்போய் வந்த ஒருநாள், துணி உறையில் சிவப்பாக ஒரு திட்டு. வெற்றிலைச் சாறு என்று அப்பா சொன்னார். மாமா உறையைக் குழாயடியில் பச்சைத்தண்ணீரில் போட்டு அலசினார். கறை போய்விட்டது. வெற்றிலைக் கறை அப்படிப் போகாது, சோப்புப் போட்டால் பழுப்பாகி அங்கேயே நிற்கும். எத்தனையோ பேருடைய கறையைக் கழுவின கைக்கு இது தெரியாதா? அன்றைக்கே அவர் அப்பாவைத் தனியாகப் பார்த்து, "மாமா, நாளைக்கே பெங்களூரு போயி பெரிய டாக்டர பாக்கலாம்" என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "இன்னா போடுவ?" என்பதுதான். துணிதான் போடுவேன் என்று மாமா சத்தியம் பண்ணியிருக்கிறார். "ரத்தம்னு டாக்டர் கிட்ட சொன்னா அடுத்த வாட்டி நீயே துணிய எடுத்துடுவ மாப்ள. ஆளு பாத்து போடுறவன்தான நீ" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். பெண்களிடம் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்து வாக்கும் வாங்கிக்கொண்டார். தீபாவளி முடியட்டும், கார்த்திகை முடியட்டும், பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போனார். இதெல்லாம் காரியம் முடிந்த பிறகு மாமா எங்களிடம் அழுதுகொண்டே சொன்னது. என் குழாயடிப் பேச்சையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய மனிதர், தன் நெஞ்சிலிருந்து வந்த இரத்தத்தை ஒரு சீட் கவருக்குப் பயந்து வெற்றிலைச் சிவப்பில் ஒளித்துவைத்திருந்தார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அழுகைதான் வரும், அதனால் கோபமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் முடிந்த நேரம். இருமல் ஆரம்பித்தது, நிற்கவில்லை. அம்மா நீட்டிய பேசினில் விழுந்ததை வெற்றிலை என்று சொல்ல அப்பாவாலேயே முடியவில்லை. அக்கா ஓடிப்போய் மாமாவைக் கூப்பிட்டாள். வேன் வாசலுக்கு வந்து நின்றதும், வரிசையில் எல்லாக் கதவும் திறந்தது. எல்லாருடைய கண்ணும் வேனின் பின் கதவில். மாமா மறுபக்கத்துக் கதவைத் திறந்து, முதுகால் மறைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ இழுத்துக் கட்டினார். அவர் விலகி நின்றபோது சீட்டில் பச்சைக் கோடு போட்ட துணி இருந்தது. எதிர்வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த அவசரத்தில் எதற்காக இறங்கியது என்று யோசிக்கவில்லை.

அப்பாவை அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக் கூட்டிவந்தோம். வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, குனிந்து, ஏறுவதற்காக உள்ளங்கையைச் சீட்டில் ஊன்றினார். ஊன்றிய கை அங்கேயே நின்றுவிட்டது. வருஷக்கணக்காக வெளிச்சமில்லாத இடத்தில் பாறையைத் தடவித் தடவி வேலை பார்த்த கை அது. துணியின் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கி, அடியில் கையை விட்டார். அங்கே ரெக்ஸின் இருந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "இன்னா மாப்ள," என்றார் சின்னக் குரலில், "ரெண்டும் போட்டுட்டியா?" மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்பா ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், இருமலை அடக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார். "துணிதான்! துணிதான் போட்டுக் கீறாரு மருமவன்! போயி அவங்கவங்க வேலய பாருங்க!" ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆண்டர்சன்பேட்டை தாண்டும்வரை அப்பா என் கையை விடவில்லை. அந்தக் கை மரக்கட்டையாகக் குளிர்ந்துபோயிருந்தது.

முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் எங்களைத் திட்டினார். அது திட்டு இல்லை, கைவிரிப்பு. அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். மாமா உறைகளை முன் சீட்டில் வைக்காமல், ஆஸ்பத்திரியிலேயே ஒரு மூட்டையாகக் கட்டிப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அப்படியும் லைனுக்குத் தெரிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எதிர்வீட்டம்மாவும் இன்னும் சில பேரும் வந்து மாமாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்கள். "மெய்யா சொல்லுப்பா. அவருக்கு இன்னா போட்ட?" மாமா என்னையும் அக்காவையும் ஒருமுறை பார்த்தார். "துணிதான்" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. அப்பா உட்கார்ந்தது துணியின்மேல்தான். மாமா நினைத்தது எனக்கு உடனே புரிந்தது. துணியில் போனவரும் திரும்பவில்லை என்று தெரிந்தால் ரெக்ஸின்மேல் இருக்கிற பயம் விட்டுப்போகும், இனிமேலாவது ஜனங்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று நம்பினார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்ப துணியும்கூடவா" என்றார் எதிர்வீட்டம்மா. அன்றிலிருந்து எந்த நோயாளியும் மாமாவின் வண்டியில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போனார்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் போகாமலே இருந்துவிட்டார்கள்.

மாமா இப்போது எங்கள் ஊரையடுத்த பாலகாட் பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் மட்டும் ஏற்றுகிறார். வண்டி மாறிவிட்டது. உறைகள் ஆன்லைனில் வாங்கினவை. சாம்பல் நிறம், ஒரு சின்னப் பைக்குள் மடித்து வைத்துவிடலாம், தண்ணீர் ஒட்டாது. நான் ரயிலில் அதே மாதிரி ஒன்றை என் சீட்டில் விரித்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ரயிலில் அதைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. சுத்தக்காரி என்று கிண்டல் பண்ணுவதோடு சரி. ஊரிகத்தில் இறங்கியதும்தான் அதைச் சுருட்டாமல் தட்டையாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொள்கிறேன். சுருட்டிய ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லைனுக்குள் நடக்க என்னால் ஆகாது. பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அம்மாவுக்கு இந்த வருஷம் காற்றுக் காலத்தில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. மைன்ஸில் வேலை செய்யாத நெஞ்சு, இருந்தாலும் அந்தத் தூளை ஆயுள் முழுக்க முறத்தில் புடைத்து, விளக்குமாற்றில் கூட்டி, துணியிலிருந்து உதறியவள். சளி, சாதாரணச் சளி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்று, ஞாயிற்றுக்கிழமை, உதடு நீலம் பூத்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டுவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா கட்டிலிலிருந்து எழாமல் கேட்டாள். "இன்னா போட்டுக் கீறாரு?" வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சீட்டில் துணியில்லை, ரெக்ஸினில்லை, அந்தச் சாம்பல் உறையும் இல்லை. எதைப் போட்டாலும் தப்பாகிவிடும் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தார். வரிசையில் கதவுகள் திறக்க ஆரம்பித்திருந்தன. உள்ளே போய், "எதுவும் போடலம்மா, வெறும் சீட்டுதான்" என்றேன். "வெறும் சீட்டுல யாரு போயி வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். யாரும் போனதில்லை. அதனால் யாரும் வந்ததும் இல்லை. என்னால் கத்தத்தான் முடிந்தது. கத்திவிட்டு, அவள் போர்த்தியிருந்த போர்வையை உருவினேன். நீலப் போர்வை, அவளுடைய வாசனை ஊறியது. கொண்டுபோய் வண்டியின் சீட்டில் விரித்தேன். "உன் போர்வைதான்மா. உன் கட்டில்ல ஒக்காந்துகினு வா." அதற்கு வந்தாள். வண்டி கிளம்பியபோது எதிர்வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது அம்மா உள்ளே ஆக்ஸிஜனில் இருக்கிறாள். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். படுக்கையில் சேர்த்ததும் நர்ஸ் போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதை இரும்பு நாற்காலியில் நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சற்றுமுன் மாமா வந்தார். நாளைக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவேண்டும், வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வருகிறேன் என்றார். "போர்வய குடும்மா, எடுத்துனு போறேன். அக்கா தோச்சி காய வெச்சிடுவா." என் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "வேணாம் மாமா," என்றேன். "அது அம்மாகூடதான் வரும்." குழாயடியில் எல்லாரோடும் வாதாடிய பெண்ணை மாமா உற்றுப் பார்த்தார். பிறகு வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். அவருடைய வண்டி முன் சீட் காலியாக லைனுக்குள் நுழையட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.